பாட்டும் விளக்கும்

பாட்டுக் கேட்பதால் விளக்கு மங்குமா? வேடிக்கையான கேள்விதான். காதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? பாட்டு ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம் என்று இரண்டும் ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாமல் பல நூறு ஆண்டுகள் வாழ்ந்திருக்கின்றன. கோயில் மண்டபத்தில் நாகசுரக்காரர் விடிய விடிய வாசித்திருக்கிறார். பக்கத்தில் எண்ணெய் விளக்கு ஒரே சீராக எரிந்திருக்கிறது. தவில்காரர் எத்தனை ஆவேசத்தோடு அடித்தாலும் அதனால் அகலில் ஒரு சொட்டு எண்ணெய் குறைந்ததில்லை. களைத்தால் அவர் கைதான் களைத்தது. வியர்த்தால் அவர் உடம்புதான் வியர்த்தது. அந்த இன்பத்துக்கு ஆன செலவு, கேட்பவர் எல்லோருடைய கண்ணெதிரிலேயும் நடந்தது.

இன்று அந்த உறவு மாறிவிட்டது. இரவு நேரத்தில் நெடுஞ்சாலை ஓரம் சற்று நின்று பாருங்கள். தொலைவிலிருந்து ஒரு கார் வருகிறது. கண்ணுக்குத் தெரியும் முன்பே அது நெஞ்சுக்குத் தெரிந்துவிடுகிறது. பாட்டின் சொல் காதில் விழுவதில்லை, ராகமும் விழுவதில்லை, அடி மட்டும் 'தும், தும்' என்று மார்பில் வந்து மோதுகிறது. கார் நெருங்கியதும் அதன் முன்விளக்குகளைக் கவனியுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அவை ஒருமுறை சுருங்கி விரியும். விளக்கே பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல் இருக்கும். குழந்தைகள் பார்த்தால் கைகொட்டிச் சிரிப்பார்கள். உண்மையில் அங்கே நடப்பது, விளக்குக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி அந்த நொடியில் பாட்டுக்குப் போய்விடுவதுதான்.

என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். நல்ல பிள்ளை. வேலைக்குப் போன முதல் ஆண்டிலேயே பழைய கார் ஒன்றை வாங்கி, மிச்சம் பிடித்த பணத்தில் அதற்குள் 1000 வாட் ஆம்ப்ளிபயரும், பின்பக்கத்தில் பெட்டி போன்ற ஒரு பெரிய ஊஃபரும் பொருத்தியிருக்கிறான். அதற்காக அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடி இல்லை, சீட்டாட்டம் இல்லை. வாரம் முழுவதும் பிறருக்காக உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தனக்கென்று கேட்கிற பாட்டு அது. ஒருமுறை தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் அவனோடு திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு இரவில் போக நேர்ந்தது. முன் இருக்கையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாட்களில் அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். பாதயாத்திரை போகிறவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்துகொண்டிருப்பார்கள். பகல் வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்கள் அதிகம். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையும் இருட்டில் இருட்டோடு ஒன்றிவிடும். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டி ஆழ்வார்திருநகரிக்குப் போகும் வழியில், தோளில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் சாலை ஓரமாக நடந்துபோனாள். விளக்கு விரிந்தபோது அவள் தெரிந்தாள். சுருங்கியபோது அவள் இருந்த இடம் வெறும் நிழலாகிவிட்டது. மறுபடி விரிந்தபோது நாங்கள் அவளைக் கடந்துகொண்டிருந்தோம்.

"கொஞ்சம் பாட்டைக் குறையப்பா" என்றேன்.

அவன் உடனே குறைத்தான். "ஒண்ணும் ஆகலையே மாமா, தள்ளித்தானே போனேன்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. ஒன்றும் ஆகவில்லை. நான் இதைக் கதையாக எழுதியிருந்தால் இந்த இடத்தில் ஒரு விபத்து நேர்ந்திருக்கும். அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். குழந்தைக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்திருக்கும். பாட்டை நிறுத்திய கை நடுங்கியிருக்கும். வாசகர்களும் 'பாவம் செய்தான், பலனை அனுபவித்தான்' என்று முடிவு கட்டிப் புத்தகத்தை மூடியிருப்பார்கள். ஆனால் வாழ்க்கையில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நூறு தடவை விளக்கு மங்கினாலும் நூறு தடவையும் யாரோ ஒருவர் ஒதுங்கி நடந்து தப்பிவிடுகிறார். அப்படியானால் அந்த நூறு தடவையும் தவறு நடக்கவில்லையா? விபத்து நேர்ந்தால்தான் அது தவறா? என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி இதுதான்.

கேள்விக்கு விடை தேடும் முன், உண்மையில் காருக்குள் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். எங்கள் ஊரில் கார்களுக்கு வயரிங் வேலை செய்கிற எலெக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். பட்டறைப் பையன்கள் அவரை அண்ணாச்சி என்பார்கள். மருமகனையும் அழைத்துக்கொண்டு அவரிடம் போனேன். அவர் பாட்டரியில் மீட்டரை வைத்துவிட்டு, "தம்பி, பாட்டைப் போடுங்க" என்றார். முள் 14 வோல்ட்டில் நின்றது. அடி விழுந்தது. முள் 12½க்கு வந்து மீண்டும் ஏறியது. "இம்புட்டுதான் சார் விஷயம்" என்றார்.

'இம்புட்டு' என்று அவர் சொன்னதை நம்முடைய மொழியில் சற்று விரித்துச் சொல்கிறேன். காரில் மின்சாரம் பிறக்கும் இடம் ஒன்றுதான். எஞ்சினோடு பெல்ட் போட்டுச் சுற்றும் ஆல்டர்நேட்டர் அது. பாட்டரி சேமிப்புப் பெட்டி மட்டுமே. தானாக எதையும் சம்பாதிப்பதில்லை. எஞ்சின் நன்றாக ஓடும்போது ஏறத்தாழ 14 வோல்ட் அழுத்தத்தில் மின்சாரம் வரும். சிறிய கார் ஒன்றின் ஆல்டர்நேட்டர் 70, 80 ஆம்பியர் கொடுக்கும். எஞ்சின் நின்ற இடத்தில் மெதுவாக ஓடும்போது அதில் பாதிகூடக் கிடைப்பது கடினம். பழைய முறை முன்விளக்குகள் இரண்டும் சேர்ந்து கேட்பது 8 ஆம்பியர் அளவுதான். 1000 வாட் ஆம்ப்ளிபயரோ, முழு மூச்சில் அடிக்கும்போது 90 ஆம்பியருக்கும் மேல் கேட்கிறது. வரவு 80, ஒருவன் கேட்பது மட்டும் 90. மீதியை எங்கிருந்து எடுப்பது? பாட்டரியிலிருந்து எடுக்கிறது. பாட்டரி கைகொடுக்க இறங்கும்போது அழுத்தம் 12½ வோல்ட்டுக்கு இறங்குகிறது. அதே கம்பியிலிருந்து பிழைக்கும் எல்லோருக்கும் அந்த இறக்கம் பொதுவாகிவிடுகிறது.

பத்தில் ஒரு பங்கு இறங்கினால் விளக்கும் பத்தில் ஒரு பங்குதானே மங்கும் என்று தோன்றலாம். அப்படி இல்லை. இழை சூடேறி எரியும் விளக்கின் குணம் வேறு. அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். கொடுப்பவனுக்குச் சிறிய குறைவு. பெறுபவனுக்குப் பெரிய இழப்பு. இந்தக் கணக்கு மின்சாரத்துக்கு மட்டும் உரியதா என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் குறைந்தால் சில வீடுகளில் ஓட்டல் சாப்பாடு நிற்கும். சில வீடுகளில் அடுப்பே நின்றுவிடும்.

இன்னொன்றும் கேட்டேன். "பாட்டில் எத்தனையோ குரல் இருக்கிறதே. குழல் வாசிக்கும்போதும் வயலின் வாசிக்கும்போதும் விளக்கு மங்கவில்லையே. கட்டைச் சுருதிக்கு மட்டும் ஏன் மங்குகிறது?"

"காத்தைத் தள்ணும்ல சார்" என்றார் அண்ணாச்சி.

அந்த விடை போதும். ஆனாலும் இதற்குப் பின்னால் மனிதக் காதின் கதை ஒன்று உண்டு. கட்டை ஒலிகளுக்கு நம் காது மந்தம். இதை அமெரிக்காவில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் அளந்து காட்டினார்கள். குழலோசையும் முரசோசையும் ஒரே அளவு கேட்கவேண்டுமானால், முரசுக்குப் பலமடங்கு அதிகமான ஆற்றல் செலவாகவேண்டும். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் கும்மென்று ஒலிப்பதைக் கேட்டு மகிழ்கிறோமே, அந்தக் கும் என்ற ஒலியைக் காரின் கண்ணாடி அதிரும் அளவுக்குப் பெருக்குவதற்குத்தான் அத்தனை ஆம்பியரும் போகிறது. மெல்லிய இன்பங்கள் கொஞ்சமாக உண்கின்றன. அதிரவைக்கும் இன்பங்கள் அண்டை அயலின் பங்கையும் சேர்த்து உண்கின்றன.

காரில் பாட்டுக் கேட்பதே தவறு என்று சொல்லவில்லை. 1930இல் அமெரிக்காவில் கால்வின் என்பவருடைய நிறுவனம் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியபோதே, ஓட்டுகிறவனுடைய கவனம் சிதறும் என்று எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இளைஞர்கள் எதில் மகிழ்ந்தாலும் அதில் ஒரு குற்றத்தைக் கண்டுபிடிப்பது முதியவர்களுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு நான் துணைபோக மாட்டேன். நீண்ட இரவுப் பயணத்தில் ஓட்டுகிறவனின் கண் அயராமல் காப்பாற்றியதும் பாட்டுத்தான். இன்பம் வாழ்க்கைக்கு வேண்டும். அதுவும் உழைக்கிறவனுக்குக் கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் எங்கே கோடு போடுவது? அந்தக் காரில் பாட்டும் விளக்கும் ஒரே பாட்டரியிலிருந்து வாழ்கின்றன. ஆனால் இரண்டும் யாருக்காக வாழ்கின்றன? பாட்டு உள்ளே இருப்பவனுக்காக. விளக்கு உள்ளே இருப்பவனுக்காகவும் வெளியே நடப்பவளுக்காகவும். அவள் காரில் ஏறவில்லை. டீசலுக்குப் பங்கு கொடுக்கவில்லை. பாட்டு அவளுக்குப் பிடிக்குமா என்று யாரும் கேட்கவும் இல்லை. ஆனாலும் அந்த விளக்கில் அவளுக்கு ஓர் உரிமை இருக்கிறது. தான் பார்ப்பதற்கு மட்டும் விளக்கு வைத்தால் போதும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிறர் கண்ணில் படுவதற்காகவும் வைக்கச் சொல்கிறது. இருட்டில் வேகமாகப் போகும் ஒருவன் இருட்டில் மெதுவாகப் போகும் ஒருத்திக்குக் கொடுக்கவேண்டிய கடன் அது. அவளைக் கேட்காமல் அவள் பங்கிலிருந்து சிறிது எடுத்து நம் மகிழ்ச்சிக்குச் செலவிட்டோம். ஒன்றும் ஆகாமல் போனது அவள் அதிர்ஷ்டம். நம்முடைய நேர்மை அல்ல. பிறர் பெட்டியிலிருந்து அவர் அறியாமல் பணம் எடுத்தவன், அவர் தேடும் முன் திரும்ப வைத்துவிட்டால், நட்டம் இல்லை என்று சொல்லலாம். எடுக்கவே இல்லை என்று சொல்ல முடியுமா?

இதில் வருத்தமான ஒரு பொருத்தமும் இருக்கிறது. கூட்டம் நெருங்கி நடக்கும் இடத்தில்தான் கார் வேகத்தைக் குறைக்கிறது. வேகம் குறையும்போது எஞ்சின் மெதுவாகிறது. ஆல்டர்நேட்டரின் வரவும் குறைகிறது. பாட்டின் செலவு மட்டும் குறைவதில்லை. ஆகையால் வெளிச்சம் மிக அதிகமாகத் தேவைப்படும் இடத்திலேயே அது மிக அதிகமாக மங்குகிறது. குடும்பங்களிலும் வருமானம் சுருங்கும் காலத்தில்தான் யாரோ ஒருவருடைய படிப்போ மருந்தோ நிற்கிறது. பழகிப்போன ஆடம்பரம் கடைசியாகத்தான் நிற்கிறது.

உள்ளே இருப்பவன் கெட்டவன் அல்லன். அவனுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பாட்டின் இன்பம் அவன் நெஞ்சில் வந்து மோதுகிறது. விளக்கின் குறைவோ நூறடிக்கு அப்பால், சாலையில், ஒரு நொடியின் சிறு பகுதியில் நடந்து முடிந்துவிடுகிறது. கண் அதற்குப் பழகியும்விடுகிறது. நம் காலத்துத் தீமைகளில் பலவும் இந்த வகையைச் சேர்ந்தவைதாம். முன்பெல்லாம் அடுத்தவன் பங்கைப் பறிக்கவேண்டுமானால் அவன் முகத்தைப் பார்த்துப் பறிக்கவேண்டியிருந்தது. கல் மனம் வேண்டியிருந்தது. இப்போது கல் மனம் தேவையில்லை; ஒரு பொத்தான் போதும். முகம் தெரிவதில்லை. கம்பி வழியாக எல்லாம் நடந்துவிடுகிறது.

ஊர்த் திருவிழாவில் இதைப் பார்த்திருக்கிறோம். தெருக்கம்பியில் கொக்கி போட்டுச் சீரியல் விளக்கும் ஒலிபெருக்கியும் வைப்பார்கள். தெருமுனையில் மாநாடுபோல் வெளிச்சம் இருக்கும். தெருக்கடைசி வீட்டில் மறுநாள் பரீட்சை எழுதவேண்டிய பெண் அழுதுவடியும் பல்பின் கீழ் புத்தகத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பாள். கொக்கி போட்டவர் அவளுடைய சொந்தப் பெரியப்பாவாகவே இருப்பார். அவள் கேட்டிருந்தால் அவரே விளக்கை அணைத்திருப்பார். கேட்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை. கேட்டு அறியவேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை.

தெரு அளவில் நடப்பது தேச அளவிலும் நடந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாட்களிலும் இந்தியாவில் மின்சாரம் பெரிய அளவில் அடியோடு நின்றது. இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகள் மூன்றும் விழுந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் இருண்டன. ரயில்கள் நடுவழியில் நின்றன. காரணங்கள் பல; அவற்றில் ஒன்று, சில மாநிலங்கள் தமக்கு ஒதுக்கிய அளவைவிட அதிகமாக இழுத்தது. அன்று தெற்கு தப்பித்தது. நம்முடைய தொகுப்பு அப்போது அவற்றோடு ஒன்றாக ஓடவில்லை. 2013 டிசம்பர் 31இல்தான் அந்த இணைப்பு ஏற்பட்டது. இப்போது நாமும் அதே பாட்டரியில்தான் இருக்கிறோம்.

அண்ணாச்சியின் பட்டறைக்குத் திரும்புவோம். "இதுக்கு என்னதான் வழி?" என்று மருமகன் கேட்டான்.

"வழி மூணு இருக்கு தம்பி" என்றார்.

முதல் வழி கெப்பாசிட்டர். மின்சாரத்தைச் சற்றே தேக்கிவைத்து, அடி விழும்போது சட்டென்று கொடுக்கும் குப்பி அது. கடையில் ஒரு ஃபாரட் என்று சொல்லி விற்பார்கள். பளபளப்பாக இருக்கும். மருமகனுக்கு அதில் ஆசை. அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அழுத்தம் 14இலிருந்து 13 வோல்ட்டுக்கு இறங்கும்வரை அந்தக் குப்பி கொடுக்கக்கூடிய ஆற்றலை 1000 வாட் செலவு, நொடியில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரத்தில் குடித்துவிடும். முரசின் ஓர் அடி முடிவதற்கு முன்பே குப்பி காலி. அதன்பின் அதை நிரப்பவும் அதே ஆல்டர்நேட்டர்தான் உழைக்கவேண்டும். மாதக் கடைசியில் கைமாற்று வாங்கும் குமாஸ்தாவின் நிலை இதுதான். முதல் தேதி வருமுன்பே வாங்கியது தீர்ந்துபோகிறது. முதல் தேதி வந்தால் பழைய கைமாற்றுக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி, பெரிய ஆல்டர்நேட்டர். இது நேர்மையான வழி. அதிகம் செலவிட விரும்புகிறவன் அதிகம் சம்பாதிப்பது. ஆனால் அதற்கும் விலை உண்டு. 1000 வாட் மின்சாரம் வேண்டுமானால், வழியில் போகும் விரயத்தையும் சேர்த்து, எஞ்சின் ஏறத்தாழ இரண்டு குதிரைத்திறன் அதிகமாக உழைக்கவேண்டும். அந்த உழைப்பு டீசலிலிருந்து வருகிறது. பாட்டின் விலை எரிபொருள் கணக்கில் வெளிப்படையாக ஏறும். கேட்பவனே கொடுக்கிறான். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

மூன்றாவது வழியைச் சொல்லும்போதுதான் அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. "வயரைப் பாருங்க" என்றார். ஆல்டர்நேட்டரிலிருந்து பாட்டரிக்கு வரும் கம்பி, பாட்டரியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த், எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் மூன்றும் பழைய கார்களில் மெலிந்து, முனையில் பச்சைப் பூசணம் பூத்திருக்கும். கிடைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வழியிலேயே சூடாகி வீணாகிவிடும். "பாதிப் பேரு வரவு பத்தலைன்னு அழுவாங்க சார். வரவு இருக்கும், வந்து சேராது." சுரண்டித் துடைத்துத் தடித்த கம்பி போட்டதும் மங்கல் பெருமளவு குறைந்தது. பல குடும்பங்களில் இல்லாமை என்று நாம் எண்ணுவதும் இதுதானோ என்று அன்று தோன்றியது. அன்பும் இருக்கிறது, பணமும் ஓரளவு இருக்கிறது; ஒருவருக்கொருவர் பேசும் வழியில் பச்சை பூத்திருக்கிறது.

மருமகன் அதோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் பழைய விளக்குகளைக் கழற்றிவிட்டு, புதிய எல்.இ.டி. விளக்குகளை மாட்டிக்கொண்டு வந்தான். "பாருங்க மாமா!" என்று பாட்டை முழுக்க வைத்தான். கண்ணாடி அதிர்ந்தது, விளக்கு அசையவில்லை. வெள்ளை வெளேரென்று நின்றது. "தீர்ந்தது பிரச்சினை" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அண்ணாச்சி கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த விளக்குக்குள் ஒரு சிறு கருவி இருக்கிறது. அழுத்தம் குறைந்தாலும் வெளிச்சம் குறையாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அழுத்தம் இறங்க இறங்க அது இன்னும் கொஞ்சம் அதிக ஆம்பியரை இழுத்துச் சமாளிக்கிறது. விளக்கு மங்குவதில்லை என்பது உண்மை. நடப்பவளுக்கு அதனால் நன்மை என்பதும் உண்மை. ஆனால் காரின் பற்றாக்குறை தீரவில்லை. முன்பு கண்ணுக்குத் தெரிந்தது, இப்போது தெரியவில்லை, அவ்வளவுதான். ஒருநாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஒரு சத்தத்தோடு கார் நின்றுவிடும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது.

இதைக் கேட்டதிலிருந்து நான் சில வீடுகளைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீடு எனக்கு நன்றாகத் தெரியும். தகப்பனார் நடுத்தரச் சம்பளக்காரர். மூத்த மகன் கெட்டிக்காரன். ஆனால் குரல் பெரிது. சைக்கிள் வேண்டும் என்றான், வந்தது. வெளியூர்க் கல்லூரி வேண்டும் என்றான், வந்தது. மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தான், அதுவும் வந்தது. இளையவள் எதுவும் கேட்கவில்லை. அவள் வகுப்பில் முதல் மாணவி. பள்ளிப் படிப்பு முடிந்ததும், "எனக்குப் படிக்க அவ்வளவா இஷ்டமில்லப்பா" என்று சொல்லி ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனாள். தகப்பனார் அதை அப்படியே நம்பினார். என்னிடமே பெருமையாகச் சொன்னார்: "அவளுக்கு ஆசையே கிடையாது சார். தங்கமான பொண்ணு." அவர் பொய் சொல்லவில்லை. அந்த வீட்டில் மங்காத விளக்கு அவள். உள்ளுக்குள் எத்தனை ஆம்பியர் இழுத்து அந்தச் சிரிப்பைக் காப்பாற்றினாள் என்பது யாருக்கும் தெரியாது.

நம் கதைகளும் இத்தகையவர்களைப் புகழ்ந்தே வந்திருக்கின்றன. மெழுகுவத்தி என்றும் சந்தனக்கட்டை என்றும் உவமை சொல்லியிருக்கின்றன. பொறுமையைப் புகழ்வதில் தவறில்லை. ஆனால் புகழ்ச்சியைக் கேட்டுக் கேட்டு, மங்கத் தெரிந்தவர்களும் மங்காமல் நிற்கப் பழகிவிடுகிறார்கள். அதனால் நட்டம் அவர்களுக்கு மட்டும் அன்று. அவர்கள் மங்கியிருந்தால் அந்தத் தகப்பனார் ஒருநாளாவது பாட்டரியைத் திறந்து பார்த்திருப்பார். பழைய விளக்கு ஒவ்வோர் அடிக்கும் மங்கியது அதன் பலவீனம் என்று நினைத்தோம். உண்மையில் அது சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. 'இங்கே ஒருவன் தன் பங்குக்கு மேல் எடுக்கிறான்' என்று ஒரு நொடிக்கு ஒருமுறை சொல்லியது. சாட்சியை மாற்றிவிட்டு வழக்கு முடிந்துவிட்டது என்று மகிழ்ந்தோம்.

அப்படியானால் விட்டுக்கொடுப்பதே கூடாதா? இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர் ஒரு தாய். "எங்களை மங்கச் சொல்கிறீர்களா, மங்க வேண்டாம் என்கிறீர்களா?" என்றார். நியாயமான கேள்வி. இதற்கு விடையும் அதே சாலையில் இருக்கிறது.

இரவில் எதிரே வண்டி வந்தால், நல்ல ஓட்டுநர் என்ன செய்கிறார்? தம் விளக்கை 'டிம்' அடிக்கிறார். எதிரே வருகிறவரின் கண் கூசக்கூடாது என்பதற்காகத் தம் வெளிச்சத்தைத் தாமே தாழ்த்திக்கொள்கிறார். அவரும் எதிரே தாழ்த்துகிறார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், இருட்டில், பேசாமலே செய்துகொள்ளும் மரியாதை அது. கடந்துபோனதும் இருவருக்கும் தம் வெளிச்சம் திரும்பக் கிடைத்துவிடுகிறது. அதுவும் மங்கல்தான், பாட்டால் வந்ததும் மங்கல்தான். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கலாம். ஆனால் ஒன்று கொடுத்தது, மற்றொன்று எடுக்கப்பட்டது. ஒன்றில் கை தானாகப் பொத்தானைத் தொடுகிறது; மற்றொன்றில் யாரையும் கேட்காமல் கம்பி வழியே போய்விடுகிறது. ஒன்று சிறிது நேரம். மற்றொன்று பாட்டு ஓடும்வரை. ஒன்றில் எதிரில் இருப்பவனும் தாழ்த்துகிறான். மற்றொன்றில் ஒருவன் மட்டுமே தாழ்ந்துகொண்டிருக்கிறான்.

வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரில் 'அறிதல்' என்ற சொல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கொடுப்பதற்கு நல்ல மனம் போதும். யாருடைய பங்கு எங்கே குறைகிறது என்று அறிவதற்குப் பார்வை வேண்டும். என் மருமகனிடம் நல்ல மனம் முன்பே இருந்தது; குறை என்றதும் குறைத்தானே! அந்தத் தகப்பனாரிடமும் நல்ல மனம் இருந்தது. அவருக்குக் குறைவாக இருந்தது, கேட்காதவளைக் கேட்டுப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான்.

ஆகவே எனக்குத் தோன்றும் வரிசை இது. முதலில் விளக்கு, பிறகு பாட்டு. காரில் ஏறாதவர்களுக்கும் உரிமை உள்ளது எதுவோ, அதற்கு வேண்டியதை முதலில் எடுத்து வைத்துவிடவேண்டும். மிச்சம் இருப்பதில் எத்தனை உரக்க வேண்டுமானாலும் பாடலாம். அதைக் கண்டு முகம் சுளிப்பவர்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மிச்சம் போதவில்லை என்றால் சம்பாத்தியத்தைப் பெருக்கலாம். கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்யலாம். அதுவும் முடியாத இரவில் பாட்டைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். குறைந்த பாட்டிலும் பாட்டு இருக்கிறது. வெளிச்சம் குறைந்த சாலையில் நடப்பவளுக்கு அந்த வசதி இல்லை.

வீட்டுக்கும் இதே வரிசைதான். இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடியிருக்கும்போது, உரக்கப் பேசுகிறவர்கள் பேசி ஓயட்டும். பிறகு, இன்றைக்கு ஒன்றும் கேட்காதவர் யார் என்று ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அவரிடம் போய், "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்றுதான் முதலில் சொல்வார். இரண்டாம் தடவையும் கேளுங்கள்.